கூடுதல் ஒரு கட்டை

பகாவ் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடை மேல்மாடியில்
வியாழன்தோறும் இரவு ஏழரைக்கு ஆங்கிலம்.
நாங்கள் பதினொரு பேர்.
நான் செம்பனை ஆலையில் எடைப்பாலம் பார்ப்பவள்.
நிறைந்த லாரி உள்ளே, வெறும் லாரி வெளியே,
நடுவில் நிற்கும் வித்தியாசம்தான் காசு.
பத்தொன்பது வருஷமாய்
இதற்கு இலக்கணம் தேவைப்படவில்லை.
இப்போது ஆபீசில் ஒரு நாற்காலி காலி.
நேர்காணல் ஆங்கிலத்தில்.

மிஸ் செரீனாவுக்கு என் வயதில் பாதி.
வேலை, சம்பளம் பற்றிய சொலவடைகள் என்று
ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.
வார்த்தைக்கு வார்த்தை பெயர்க்காதீர்கள் என்றார்.
எடைப்பாலத்துக்காரியிடம் சொல்கிற பேச்சா இது?
ஒவ்வொன்றையும் நிறுத்துத்தான் பார்த்தேன்.

ரொட்டியும் வெண்ணெயும் என்றால் பிழைப்பு.
எங்கள் வீட்டில் காய்ச்சல்காரருக்குத்தான் ரொட்டி.
வெண்ணெய் என்று நாங்கள் சொல்வது டின் மாஜரின்.
அதில் இருப்பது
நான் எடை போட்டு அனுப்பிய எண்ணெயாகக்கூட இருக்கலாம்.

கடலைக்கு உழைப்பது என்றால் அற்பக் கூலியாம்.
திரவியம் மாமா கச்சாங் பூத்தே விற்றவர்,
சினிமாக் கொட்டகை வாசலில், காகிதச் சுருளில்.
நிஜமாகவே கடலைக்கு உழைத்தார்.
அந்தக் கடலையில் ஒரு மகள் இன்று பல் டாக்டர்.
அற்பம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

பன்றியிறைச்சியை வீட்டுக்குக் கொண்டு வருவது
என்ற வரியை மிஸ் விழுங்கிவிட்டுத் தாண்டினார்.
நோரைனி அக்கா விடவில்லை.
அர்த்தம் தெரிந்ததும் முதலில் சிரித்ததும் அவர்தான்.
நான் கோழி கொண்டு போகிறேன் மிஸ்,
சம்பளத்தை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.

வாசலுக்கு ஓநாய் வராமல் பார்த்துக்கொள்வது.
இந்தப் பக்கம் ஓநாய் கிடையாது.
ஆலோங் உண்டு.
சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போவான்.
பின்வரிசையில் கோகிலவாணி தலை நிமிரவில்லை.
மிஸ் அடுத்த வரிக்குத் தாண்டினார்.
இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

கைக்கும் வாய்க்கும்.
இது ஒன்றை மட்டும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
வெள்ளைக்காரனுக்கும்
மாதத்தில் இருபதாம் தேதி வந்திருக்கிறது.

சாக்கு கொடுத்துவிட்டார்கள் என்றால்
வேலை போய்விட்டது என்று பொருள்.
இங்கேதான் நான் கையைத் தூக்கினேன்.
மிஸ், என் அம்மா உதிரிப் பழம் பொறுக்கியவர்.
பெரட்டில் நிற்கும்போது
சாக்கு கொடுத்தால்தான் வேலை.
கொடுக்காத நாளில் வீட்டுக்குத் திரும்பி நடப்பார்.
இன்றைக்குத் தலைவலி, அதனால் போகவில்லை என்பார் எங்களிடம்.
அதற்கும் எங்கள் பாஷையில் சாக்கு என்றுதான் பெயர்.
மிஸ் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தபடி நின்றார்.
துடைக்க அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

நேர்காணல் செவ்வாய்க்கிழமை.
எங்களுக்கு வேண்டியது
கூடுதல் ஒரு மைல் நடக்கிற ஆள் என்றார் மிஸ்டர் ஃபூ.
தாளில் பதினேழாவது வரி.
பொருள் தெரியும், பதிலும் மனப்பாடம்.
ஆனால் மைல் என்றதும் எனக்குக் கட்டைதான் தெரிந்தது.
பஸ் ஆறாங்கட்டையோடு திரும்பிவிடும், சார்.
ஆலை ஏழாங்கட்டையில்.
அந்தக் கூடுதல் ஒன்றை
காலையில் ஒரு தரம், இருட்டிய பிறகு ஒரு தரம்,
மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
ஓட்டை ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.
அவர் எதையோ எழுதினார்.
எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க முடியவில்லை.

கடிதம் இன்னும் வரவில்லை.
இன்று முதல் லாரி ஆரோனுடையது.
கண்ணாடியை இறக்கி,
என்னக்கா, ஆபீசுக்குப் போகிறீர்களாமே என்றான்.
வண்டியை நடுவில் நிறுத்து என்றேன்.
திரையில் எண் ஏறி, இறங்கி,
ஒரு இடத்தில் நிற்கும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.